அடுத்து என்ன எழுதுவார் என்று சொல்ல முடியாத மனிதர்

பத்தி எழுத்தாளர்களில் பெரும்பாலானோர் அடுத்த வாரம் என்ன எழுதுவார்கள் என்பதை இந்த வாரமே நம்மால் சொல்லிவிட முடிகிறது. ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும், கட்டுரையைத் திறப்பது நாம் நினைத்தது சரிதானா என்று பார்த்துக்கொள்வதற்கு மட்டுமே. அந்தச் சலிப்பு வரும்போதெல்லாம் நான் பிரிட்டனின் பத்தி எழுத்தாளர் பெர்னார்ட் லெவினை நினைத்துக்கொள்வேன்.

1928 ஆகஸ்ட் 19இல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சிறு வயதிலேயே பிரிந்து போய்விட, தாயின் வீட்டில் வளர்ந்தார். உதவித்தொகை பெற்று, பெயரில் மருத்துவமனையும் நடைமுறையில் பள்ளிக்கூடமுமான கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடலில் படித்து, பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளியில் இடதுசாரி அரசியல் அறிஞர் ஹாரல்ட் லாஸ்கியின் மாணவரானார். 1957 முதல் ‘ஸ்பெக்டேட்டர்’ வார இதழில் ‘டேப்பர்’ என்ற புனைபெயரில் நாடாளுமன்றத்தைப் பற்றி எழுதினார். அதுவரை நாடாளுமன்றச் செய்தி என்றால் கைகட்டி நின்று எழுதுவது. இவரோ நாடகக் கொட்டகையில் உட்கார்ந்து விமர்சனம் எழுதுவதுபோல் எழுதினார். அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்த சர் ரெஜினால்ட் மேனிங்கம்-புல்லரின் பெயரை லேசாகத் திருகி ‘புல்லியிங்-மேனர்’, அதாவது அதட்டி மிரட்டும் தோரணைக்காரர் என்று ஆக்கினார். தொழிற்கட்சியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டிருந்த சர் ஹார்ட்லி ஷாகிராஸ் அவர் கையில் ‘சர் ஷார்ட்லி ஃப்ளோர்கிராஸ்’ ஆனார். சீக்கிரமே எதிர்வரிசைக்குத் தாவப்போகிறவர் என்று பொருள். இரண்டு எழுத்தை மாற்றி ஒரு மனிதரின் முழு அரசியலையும் சொல்லிவிடுகிற இந்த வித்தை நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் நன்றாகவே தெரியும்.

1963இல் பிபிசியின் நையாண்டி நிகழ்ச்சி ஒன்றில் நேரலையில் உட்கார்ந்திருந்தபோது, டெஸ்மண்ட் லெஸ்லி என்பவர் பார்வையாளர் பக்கத்திலிருந்து நடந்து வந்து, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, தன் மனைவியின் மேடை நிகழ்ச்சியைப் பற்றி லெவின் எழுதிய விமர்சனத்துக்காகக் குத்துவிட்டார். விமர்சனத்துக்கு இவ்வளவு நேரடியான வாசகர் கடிதம் வேறு யாருக்கும் வந்திருக்காது.

நாடக விமர்சகராகவும் பத்தியாளராகவும் அவர் எழுதிய ‘டெய்லி மெயில்’ வலதுசாரிப் பத்திரிகை. 1970 பொதுத்தேர்தலில் தொழிற்கட்சிக்கு வாக்களியுங்கள் என்று அவர் எழுத, உரிமையாளருடன் பிணக்கு வந்து விலகினார். 1971இலிருந்து ‘டைம்ஸ்’. அங்கே அவர் தொடாத விஷயமே இல்லை. சமையல் எரிவாயு வாரியத்தின் சேவையைப் பற்றி ஒரு நாள், வாக்னரின் இசையைப் பற்றி மறுநாள், சோவியத் சிறையில் கிடக்கும் எழுத்தாளரைப் பற்றி அதற்கடுத்த முறை. இளமையில் இடதுசாரியாக இருந்தவர் தொழிற்சங்கங்களைக் கடுமையாகச் சாடினார். சோவியத் ஆட்சியை வெறுத்த அதே மூச்சில் தென்னாப்பிரிக்க நிறவெறியையும் வெறுத்தார். இரண்டில் ஒன்றை மட்டும் வெறுப்பதுதான் அன்றைக்கு வழக்கம்.

நாளிதழ் ஒன்றில் நான் துணை ஆசிரியராக இருந்த நாட்களில், நீளமான வாக்கியம் என்றால் இரண்டாக வெட்டு என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம், நானும் கணக்கில்லாமல் வெட்டியிருக்கிறேன். லெவினைப் படித்த பிறகுதான் அந்தக் கத்தரி கொஞ்சம் தயங்கியது. அவருடைய வாக்கியம் ஒரு பத்தியையே விழுங்கும், துணைவாக்கியத்துக்குள் துணைவாக்கியமாக வளைந்து போகும், ஆனால் எழுவாய் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிராது. 1983இல் தன் ரசனைகளைப் பற்றி எழுதிய நூலில், நாம் அன்றாடம் பேசும் எத்தனையோ தொடர்கள் ஷேக்ஸ்பியருடையவை என்பதை ஒரே மூச்சில், ஒவ்வொரு தொடராக அடுக்கி அடுக்கிக் காட்டியிருப்பார். வினையெச்சத்தைக் கோத்துக்கொண்டே போகிற வசதி தமிழில் இருக்கிறது. அது இல்லாத ஆங்கிலத்தில் அவர் அதைச் செய்தார் என்பதுதான் எனக்கு வியப்பு.

1977இல் எழுதிய ஒரு பத்தியில், சோவியத் முகாம் நாடுகளின் ஆட்சி உள்ளிருந்தே சரியும், தெருவில் ரத்தம் ஓடாது, அதிகாரத்துக்குள் இருக்கும் ஆட்களே அதைச் செய்வார்கள் என்று கணித்து, விளையாட்டாக ஒரு தேதியும் குறித்தார்: 1989 ஜூலை 14, பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு நாள். பெர்லின் சுவர் திறந்தது அதே ஆண்டு நவம்பரில். பெரிய பெரிய நிபுணர்கள் கோட்டைவிட்டதை எரிவாயு வாரியத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு பத்தியாளர் பார்த்துவிட்டார்.

ஆனால் அதே மனிதர் 1980இல் புனேவுக்குப் போய், ரஜனீஷின் ஆசிரமத்தில் தங்கி, மயங்கிப்போய் ‘டைம்ஸ்’ வாசகர்களுக்குப் பாராட்டுக் கட்டுரைகள் எழுதினார். ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவின் ஒரேகானில் அந்த இயக்கத்தின் மறுபக்கம் வெளியே வந்தது. ஊர்க்காரர்களின் உணவில் கிருமி கலந்தது வரை. வழக்கறிஞரின் தோரணையை இரண்டு எழுத்தில் உரித்தவருக்குச் சாமியாரின் தோரணை தெரியாமல் போயிற்று. நான் இதை மழுப்ப விரும்பவில்லை. இருந்தாலும், கேலி செய்வார்கள் என்று தெரிந்தே தன் பெயரைப் போட்டுத்தான் அதையும் எழுதினார் என்பதைச் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

அவர் அதிக விலை கொடுத்த கட்டுரை வேறு. இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்த காடர்ட் பிரபுவை 1958இலேயே ‘ஸ்பெக்டேட்டரில்’ தாக்கியிருந்தார். 1971இல் காடர்ட் இறந்து எல்லோரும் புகழஞ்சலி எழுதிக்கொண்டிருந்தபோது, நீதியாசனத்தில் அவர் காட்டிய கொடுமையைப் பற்றி ‘டைம்ஸில்’ மறுபடியும் எழுதினார். சட்டத் துறையினர் கொதித்தார்கள். வழக்கறிஞர்களும் நடிகர்களும் நிறைந்த காரிக் கிளப்பில் சேர விண்ணப்பித்தபோது அவரை உள்ளே விடவில்லை.

காடர்ட் விசாரித்த வழக்குகளில் ஒன்று டெரிக் பென்ட்லியுடையது. காவலரைச் சுட்டுக் கொன்றவன் பதினாறு வயதுக் கூட்டாளி. பென்ட்லி அந்த நேரத்தில் ஏற்கனவே போலீஸ் பிடியில் இருந்த பத்தொன்பது வயது இளைஞன். கூட்டாளிக்கு வயது போதாததால் தூக்கு இல்லை. பென்ட்லியை 1953 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். 1998 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, காடர்ட் நடுவர் குழுவுக்கு (ஜூரிக்கு) வழங்கிய உரையே நியாயமான விசாரணையை மறுத்துவிட்டது என்று சொன்னது. அதைப் பற்றி எழுத லெவினிடம் பத்தி இல்லை. முந்தைய ஆண்டே அது நின்றிருந்தது. அல்சைமர் நோய் வந்து, அவ்வளவு நீளமான வாக்கியங்களைத் தலைக்குள் கட்டித் தூக்கி நிறுத்திய மனிதருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிக்கொண்டிருந்தன. 2004 ஆகஸ்ட் 7இல், எழுபத்தாறாவது பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, இறந்தார்.