20 வசந்தம், 35 ஸ்வோட்டி

(போலந்தின் கிராக்கோவ் நகரம். வாவெல் கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு இரும்புச் சாமான் கடை. போலந்து நாணயமான ஸ்வோட்டியில் விலை போட்ட புதுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரர் நிற்கிறார். அதை ஆங்கிலத்திலிருந்து போலிஷுக்கு மாற்றிக் கொடுத்தவன் அவருடைய தங்கை மகன்.)

மாமா: டேய், காலையிலிருந்து இரண்டு பாட்டிமார் வந்து அக்ரூட் கேட்டுவிட்டுப் போனார்கள். நம் கடையில் அக்ரூட் எப்போதடா விற்றோம்?

மருமகன்: பட்டியலில் 'நட்' என்று இருந்தது மாமா. நட் என்றால் ஓஜெஹ்தானே? அகராதியில் முதலில் அதுதான் வருகிறது.

மாமா: அது தின்கிற கொட்டைடா! போல்ட்டில் முடுக்குகிற நட்டுக்கு நக்ரென்த்கா என்று உனக்குத் தெரியாதா? 'துருப்பிடிக்காத ஓஜெஹ், 8 மில்லிமீட்டர்' என்று எழுதியிருக்கிறாய். ஒரு பாட்டி பல்செட்டைத் தடவிக்கொண்டே, 'இதை எதால் உடைப்பது?' என்கிறார்.

மருமகன்: துருப்பிடிக்காத என்று படித்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

மாமா: எழுதும்போது உனக்கு வந்ததா? சரி, அடுத்த வரியைப் படி. ஸ்பிரிங், 20 கொண்ட பெட்டி.

மருமகன்: த்வாஜெஷ்ச்சா வ்யோசென்...

மாமா: அது வசந்தகாலம்டா! 'இருபது வசந்தம் கண்டவள்' என்று பெண்ணுக்கு வயது சொல்வது அப்படித்தான். அதற்குக் கீழே 'நன்றாக வளைந்து கொடுக்கும், சோஃபாவுக்கு ஏற்றது, 35 ஸ்வோட்டி' என்று வேறு போட்டிருக்கிறாய். பாதிரியார் கண்ணில் பட்டால் நான் என்ன ஆவது?

மருமகன்: ஸ்ப்ரென்ஜினா என்று மாற்றிவிடுகிறேன். ஆனால் இந்த ஆங்கிலக்காரர்களைச் சொல்லுங்கள். கம்பிச்சுருளும் ஸ்பிரிங், பருவமும் ஸ்பிரிங், நீரூற்றும் ஸ்பிரிங்.

மாமா: கஞ்சப்பயல்கள். நம் மொழியில் பார், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்.

மருமகன்: ஸாமெக்?

மாமா: அதற்கென்ன?

மருமகன்: பூட்டும் ஸாமெக், கோட்டையும் ஸாமெக், ஜாக்கெட் ஜிப்பும் ஸாமெக்.

மாமா: கோட்டை விஷயம் ஜெர்மன்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கும் ஷ்லாஸ் என்றால் இரண்டும்தான். அதை விடு.

மருமகன்: எப்படி விடுவது? வாசலில் ஆங்கிலப் பலகை மாட்டியிருக்கிறீர்களே, அதை மொழிபெயர்த்தது யார்?

மாமா: நானேதான், கைப்பேசியில் பார்த்து. 'பூட்டுகள் 15 நிமிடத்தில் பழுதுபார்த்துத் தரப்படும்.' ஏன்?

மருமகன்: 'கோட்டைகள் 15 நிமிடத்தில் பழுதுபார்த்துத் தரப்படும்' என்று இருக்கிறது. வெளியே நாலு பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாமா: அடப்பாவி! நேற்று ஓர் ஆங்கிலேயர் குன்றின் மேலிருக்கிற வாவெலைக் காட்டி ஏதோ கேட்டாரே! 'கழற்றி எடுத்து வாருங்கள், இருந்தே வாங்கிக்கொண்டு போகலாம்' என்று சைகையிலேயே சொல்லி அனுப்பினேன்.