நகம் வெட்டுகிற படிப்பா?

ஞாயிற்றுக்கிழமை கௌரவிப்பு விழா வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "கால் நகம் வெட்டப் படிக்க லண்டன் வரைக்கும் போகோணுமே?" என்று மைக்கில் கேட்டவரைவிட, அதற்குக் கைதட்டிச் சிரித்த முன்வரிசையில்தான் எனக்குக் கோபம். லண்டனில் படிக்கிற பிள்ளை ஒருத்தியை மேடைக்குக் கூப்பிட்டு வைத்துத்தான் அப்படிக் கேட்டார். அந்தப் பிள்ளையின் அம்மம்மாவும் அங்கேதான் இருந்தார்.

அது நகம் வெட்டுகிற படிப்பு இல்லை. பாத மருத்துவம். இங்கிலாந்தில் 3 வருடப் பட்டப்படிப்பு. அதற்குள் 1000 மணித்தியாலம் அளவில் நோயாளிகளோடு பயிற்சி. முடித்த பிறகும், பதிவு எடுக்காமல் தன்னைப் பாத மருத்துவர் (podiatrist) என்று சொல்லிக்கொள்ள அங்கே சட்டம் விடாது. சீனி வருத்தக்காரரின் (நீரிழிவு நோயாளரின்) பாதத்தில் ரத்தம் சரியாக ஓடுகிறதா, உணர்ச்சி இருக்கிறதா, புண் எலும்பு வரை இறங்கிவிட்டதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. நகமும் வெட்டுவார்கள்தான். மரத்துப்போன விரலில் சதையைக் கீறிவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அதைக் கேவலமாகச் சொல்ல மாட்டார்கள்.

என் சித்தப்பா முள்ளிவாய்க்கால் வரை நடந்து வந்தவர். ஷெல்லுக்குத் தப்பின கால், பிறகு வயல் வரம்பில் குத்தின ஒரு முள்ளுக்குப் போனது. சீனியில் மரத்த கால், குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. சாரத்தில் சீழ் பட்டதைச் சித்திதான் கண்டார். அதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிய நிலை.

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரிய வந்தது போன ஓகஸ்ட் விடுமுறையில், பரந்தனில் அம்மம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது. என் அம்மாவைத் திண்ணையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை மெல்லத் தொட்டு, "இப்ப தெரியுதா அம்மம்மா? எந்தக் கால்?" என்று கேட்டாள். இரண்டு சின்னவிரலிலும் அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. பிள்ளை பதறவில்லை. "நான் இன்னும் மாணவி, வைத்தியம் பார்க்கக்கூடாது. இதைக் கிளினிக்கில கட்டாயம் சொல்லுங்கோ" என்றாள். தன் எல்லை தெரிந்த பிள்ளை.

வகுப்புப் பிரதிநிதியும் அவள்தான். பயிற்சிக்குத் தூரத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் பஸ் காசைக் கையிலிருந்து கட்டிவிட்டு, அது திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். பகுதிநேர வேலை செய்து படிக்கிறவர்கள் அதில் முறிந்து போகிறார்கள். யார் யாருக்கு என்ன கஷ்டம் என்று கொப்பியில் எழுதிக்கொண்டுபோய் விரிவுரையாளர்களின் கூட்டத்தில் கதைத்திருக்கிறாள். "பயமில்லையோ?" என்று கேட்டேன். "எனக்காகக் கேட்டாத்தான் வெக்கம் வரும் மாமா" என்றாள். அப்படிப்பட்டவளைத்தான் மேடையில் கூப்பிட்டு வைத்துச் சிரித்தீர்கள்.

பகிடிக்குச் சொன்னது என்பீர்கள். டொக்டருக்குப் படிக்கிற பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு பகிடி விட்டிருப்பீர்களா? எஞ்சினியரைப் பற்றி? நீங்கள் கைகட்டி நிற்கிற படிப்புகள் எவை என்று ஊருக்கே தெரியும். "எல்லாம் சரி, படிச்சு முடிச்சு இங்க வந்து வேலை செய்யப் போறாளே?" என்று ஒருவர் கொமென்டில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வருவாளோ தெரியாது. ஆனால் வா என்று கூப்பிடுகிற முகமா அன்றைக்கு நாங்கள் காட்டினது? எனக்கு அவள் சொந்தக்காரியா என்று கேட்டவருக்கு: இல்லை.

இது வயலில் வெறுங்காலோடு நிற்கிற சனம், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெறுங்காலோடு நடக்கிற சனம். மிதிவெடியில் ஒரு கால் போனவர்கள் எத்தனை பேர் எங்களுக்குள் இருக்கிறார்கள். மிச்சக் காலும் சீனியில் போனால் அந்த மனிசர் எங்கே போவார்? இந்த மண்ணில் நின்றுகொண்டு பாதத்தைப் படிக்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க எப்படி மனம் வந்தது? நினைக்க நினைக்க ஆறவில்லை.

மைக் பிடித்த அண்ணைக்கு ஒன்று. உங்களுக்கும் சீனி இருக்கிறது, கிளினிக் வரிசையில் பார்த்திருக்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை. இன்றைக்கு இரவு வீட்டில் யாரையாவது உங்கள் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த அம்மம்மா வீட்டுக்கு ஒருக்கால் போய் வாருங்கள்.