மாற்றப்பட்ட பாகங்களும் நீராலையின் மரபு மதிப்பும்
நீராலையின், அதாவது நீர்விசையால் இயங்கும் பழைய மாவாலையின், சக்கரமும் பற்சக்கரங்களும் பலமுறை மாற்றப்பட்டுவிட்டதால் அதன் கற்சுவர்களை மட்டும் பாதுகாத்தால் போதும் என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. நீராலையின் பாகங்கள் பல, தேய்ந்தால் மாற்றப்பட வேண்டும் என்ற எண்ணத்துடனேயே செய்யப்பட்டவை. பல ஆலைகளில் வார்ப்பிரும்புச் சக்கரத்தின் விளிம்பில் மரப்பற்களைச் செருகி, அவற்றை மற்றொரு சக்கரத்தின் இரும்புப் பற்களோடு இணைத்திருப்பார்கள். ஓட்டம் சீராகவும் ஓசை குறைவாகவும் இருப்பதோடு, ஏதேனும் சிக்கிக்கொண்டால் மரப்பல் முறிந்து, விலைமிக்க வார்ப்பிரும்புச் சக்கரம் தப்பிவிடும். ஆலைக்கற்களின் வரிப்பள்ளங்களையும் தேயத் தேயக் கொத்திக் கொடுக்க வேண்டும். கல் சுழலாவிட்டால் அந்தக் கைத்திறனும் மறைந்துவிடும். சுவர்களைவிட, தடுப்பணையும் வாய்க்காலும் மதகும் சேர்ந்த நீர்வழியே முதன்மையானது என்பேன். மேலிருந்து நீர் விழும் சக்கரம், அடியில் நீர் மோதும் சக்கரத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு திறனுடையது என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759இல் மாதிரிகளைக் கொண்டு காட்டினார். தடுப்பணையின் உயரமும் வாய்க்காலின் சரிவும் மதகின் இடமும் அழிந்துவிட்டால், ஓர் ஆலையைக் கட்டியவர் எந்தச் சக்கரத்தை ஏன் தேர்ந்தார் என்பதை அறிய வழியில்லை. பிரான்சின் பார்பெகாலில் உரோமானியர் அமைத்த 16 சக்கர ஆலையின் மரப்பாகங்கள் மக்கிப்போயின. ஆயினும் மலைச்சரிவில் எஞ்சிய நீர்வழியும், மரத்தின் மீது படிந்திருந்த சுண்ணப் படிவுகளும்தான் அதன் இயக்கத்தை ஆய்வாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தன. தடுப்பணை மீன்களின் வழியை மறிக்கிறது என்று அக்கட்டுரைக்கு ஒரு வாசகர் கருத்து எழுதியிருப்பது நியாயமான கவலையே. ஆனால் அதற்கு மீன்கள் ஏறிச் செல்லும் படிவழி அமைக்கலாம், வாய்க்காலைத் தூர்க்க வேண்டியதில்லை.