அந்த ஜாடி எந்தக் குழியில் கிடந்தது?

போன வாரம் ஒரு ஏலக் கம்பெனியின் இணையப் பட்டியலில் ஒரு குட்டி மண் ஜாடியைப் பார்த்தேன். அதிலிருந்து மனசு ஆறவில்லை. லிடியோன் (லிடியா நாட்டுத் தைல ஜாடி வகை), கி.மு. 6ஆம் நூற்றாண்டு, ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு என்று போட்டிருந்தார்கள். உயரம், விட்டம், ஆரம்ப விலை, விளிம்பில் இருக்கும் சின்ன உடைசல் வரை எல்லாம் இருந்தது. எங்கே கிடைத்தது என்ற ஒரு வரியை மட்டும் காணோம்.

லிடியா இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த அரசு, தலைநகர் சார்டிஸ். பக்டோலஸ் ஆற்று மணலில் தங்கம், குரோசஸ் மன்னனின் செல்வம், உலகின் முதல் நாணயங்கள் என்று லிடியாவைப் பற்றி வாயைத் திறந்தாலே எல்லோரும் பொன்னுக்குத்தான் ஓடுகிறார்கள். எனக்கு இந்த ஜாடிதான் பெரிசு. ஒரு சாண்கூடத் தேறாது. அகன்ற தட்டை விளிம்பு, குட்டைக் கழுத்து, உருண்ட வயிறு, கீழே கூம்பு மாதிரி ஒரு பாதம். உள்ளே வாசனைத் தைலம் போயிருக்கும். 'பக்கரிஸ்' என்ற லிடியத் தைலத்துக்கு அப்போது ஏக கிராக்கி. எபேசஸ் ஊர்க் கிரேக்கக் கவி ஹிப்போனாக்ஸ் அதை மூக்கில் தடவிக்கொண்டதாகவே பாடி வைத்திருக்கிறார்.

அதன் மேல்பூச்சைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். வெளிர் பூச்சு கொடுத்து, அதன்மேல் இரும்புச்சத்துள்ள களிமண் குழம்பை நீர்க்கக் கரைத்து அலை அலையாக இழுத்துவிட்டிருப்பான் குயவன். குழம்பு தடிப்பாக விழுந்த இடம் சூளையில் கரும்பழுப்பாகும், மெலிந்த இடம் செம்மஞ்சளாக நிற்கும். மொத்தத்தில் ரேகை ஓடிய பளிங்குக்கல் மாதிரி இருக்கும். பக்கத்து கிரேக்கர்கள் வெள்ளாட்டையும் சிங்கத்தையும் வீரனையும் வரைந்துகொண்டிருந்த காலத்தில், இந்த ஆள் மண்ணைக் கல்லாகக் காட்டி விளையாடியிருக்கிறான். இதைப் போய் 'கிரேக்கச் சாயல் கொண்ட வட்டாரக் கலை' என்று ஒதுக்குவதைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிரேக்க நகரமான கொரிந்தின் கிண்ண வடிவத்தை லிடியர்கள் எடுத்துக்கொண்டது நிஜம்தான். ஆனால் லிடியோன் எதிர்த்திசையில் போன சரக்கு. இந்த வடிவத்தை அயோனிய நகரங்களிலும் (லிடியாவை ஒட்டிய கடற்கரையில் இருந்த கிரேக்க ஊர்கள்) கிரேக்கத்திலும் இத்தாலியின் எட்ரூரியாவிலும் பார்த்துக் காப்பியடித்தார்கள். அயோனிய ஊரான கொலோஃபோன்காரர்கள் லிடியர்களிடம் ஆடம்பரம் கற்றுக்கொண்டு, ஊதா அங்கியும் தைல வாசமுமாகச் சந்தைக்கு வருகிறார்கள் என்று அந்த ஊர்க் கவி செனோஃபனீஸ் புலம்பியது சும்மா இல்லை.

சிக்கலே அங்கேதான். எட்ரூரியக் கல்லறை ஒன்றில் லிடியோன் கிடைக்கிறது என்று வையுங்கள். அது சார்டிஸிலிருந்து தைலத்தோடு கப்பலேறி வந்ததா, இல்லை உள்ளூரில் செய்து உள்ளூர் எண்ணெயை ஊற்றியதா? சார்டிஸ் களிமண்ணில் காக்காப்பொன் (மைக்கா) துகள் மின்னும் (பொன் விளைந்த ஊருக்குப் பொருத்தமான மண்!), ஆனால் அந்தப் பக்கத்துக் கரையோர ஊர்கள் பலவற்றிலும் அதே மினுக்கு உண்டு. ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் எந்த வட்டாரத்து மண் என்று ஓரளவு சொல்லிவிடுவார்கள். எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை எந்த மெஷினும் சொல்லாது. அதைத் தோண்டியவன்தான் சொல்ல வேண்டும். அவன் இரவோடு இரவாகத் தோண்டிய திருடன் என்றால் வாயே திறக்கமாட்டான். வணிகம் என்றால் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம் இரண்டும் வேண்டும். பாதியைத் தொலைத்துவிட்ட ஜாடியை வைத்து என்ன வணிக வரலாறு எழுதுவது?

'வாங்குகிறவர் பத்திரமாகவாவது வைத்திருக்கிறாரே' என்று ஒரு நண்பர் சொன்னார். பத்திரம் மட்டும் போதுமா? 1960களில் துருக்கியின் உஷாக் பக்கம் கொள்ளையடித்த லிடியப் புதையல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குப் போய், துருக்கி வழக்குப் போட்ட பிறகு 1993இல்தான் திரும்பியது. திரும்பிய பிறகு உஷாக் மியூசியத்திலேயே தங்கக் கடல்குதிரைப் பதக்கத்தை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டார்கள், 2006இல் அது அம்பலமானது. வெட்கக்கேடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதக்கம் எந்த ஊர்க் கல்லறையிலிருந்து வந்தது என்பதாவது தெரியும். ஏலப் பட்டியல் ஜாடிக்கு அதுவும் இல்லை.

1958இல் தொடங்கிய ஹார்வர்ட்-கார்னெல் அகழாய்வு சார்டிஸில் கண்டெடுத்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். மண்ணுக்கடியில் சின்னச் சின்னக் குழிகள். சுமார் 30 இருக்கும். ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட அதே செட்: ஒரு கூஜா, ஒரு கிண்ணம், ஒரு தட்டு, ஒரு சமையல் சட்டி, கூடவே ஒரு இரும்புக் கத்தி. சட்டிக்குள் நாய்க்குட்டியின் எலும்புகள். ஏதோ தெய்வத்துக்கு வைத்த படையல். எல்லாம் வைத்தது வைத்தபடி கிடந்ததால்தான் படையல் என்றே தெரிந்தது. அதே குழி திருடன் கையில் கிடைத்திருந்தால், கூஜாவும் கிண்ணமும் தனித்தனியாக ஏலத்துக்கு வந்திருக்கும். கரிப்பிடித்த சட்டிக்கு விலை வராது என்று அங்கேயே உடைத்துப் போட்டிருப்பான், எலும்பையும் சேர்த்துக் கொட்டிவிட்டு.