பையன்கள் தங்கினால் கம்பைன் ஸ்டடி, பெண் பிள்ளைகள் தங்கினால் பண்பாட்டுச் சீரழிவா?

எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து நடந்தது. மகளின் பிறந்தநாளுக்கு அவள் தோழிகள் ராத்திரி எங்கள் வீட்டில் தங்கினார்கள். அவ்வளவுதான். அதற்கு 'ஸ்லீப்ஓவர் நம் பண்பாடா?' என்று ஒரு பெரியவர் ஆரம்பிக்க, வரிசையாகக் கும்பிடு எமோஜி. மகளும் படித்தாள். தோழிகள் முகத்தில் எப்படி முழிப்பது என்று திங்கட்கிழமை பள்ளிக்கே போக மாட்டேன் என்றுவிட்டாள்.

அதே பிளாக்கில் பிப்ரவரி வந்தால் ப்ளஸ் டூ பையன்கள் மொட்டை மாடியில் பாய் விரித்து விடிய விடியக் கிடக்கிறார்கள். அது கம்பைன் ஸ்டடி. சத்தம் போட்டால்கூட 'பாவம், படிக்கிற பசங்க'. (படிக்கிறார்களா என்பது மாடிக்குத்தான் தெரியும்.)

இப்படித் தோழி வீட்டில் தங்குவதைப் பிள்ளைகள் ஸ்லம்பர் பார்ட்டியோ பைஜாமா பார்ட்டியோ, எப்படியாவது சொல்லிக்கொள்ளட்டுமே. பைஜாமாவே இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் ஐயா! வைகுண்ட ஏகாதசிக்குத் தெருப் பிள்ளைகளெல்லாம் ஒரே வீட்டில் பரமபதம் உருட்டிக்கொண்டு கண்விழித்தோமே, அப்போது எது கெட்டுப்போனது? குழுவில் 'ஆங்கில மோகம்' என்றவருக்கு ஒன்றுதான்: உங்கள் மருமகளின் பேபி ஷவர் படங்களுக்கு ஹார்ட் போட்டவள் நான்.

'பாதுகாப்புக்காகச் சொல்கிறோம்' என்பீர்கள். சரி, நியாயமான கவலை. அதனால்தான் ஒவ்வொரு அம்மாவிடமும் நானே போனில் பேசி, வீட்டில் யார் யார் இருப்போம் என்பதுவரை சொன்னேன். ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட பையனையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. மாடியில் படுக்கும் பையனுக்காக ஏன் ஒருவருக்கும் பதறவில்லை? உங்கள் கவலை பாதுகாப்பு இல்லை, பெண் பிள்ளை என்பதுதான்.

நான் ப்ளஸ் டூ படிக்கும்போது கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி தோழி வீட்டில் தங்கிப் படிக்கக் கேட்டேன். அடுத்த தெருதான். 'வயசுப் பொண்ணு அடுத்தவங்க வீட்ல படுக்கறதாவது' என்று அப்பா முடித்துவிட்டார். அண்ணன் பாதி நாள் எங்கே தூங்கினான் என்றே வீட்டில் தெரியாது, யாரும் தேடியதும் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. 'பழசை ஏன் கிளறுகிறாய்' என்று அண்ணியே கமெண்ட் போடுவார், போடட்டும்.

இப்போது அசோசியேஷனில் புது விதியாம், ராத்திரி தங்கும் பெண் பிள்ளைகள் பெயரை செக்யூரிட்டி நோட்டில் எழுத வேண்டுமாம். பெண் பிள்ளைகள் மட்டும்! தாராளமாக எழுதலாம். முதலில் மொட்டை மாடிப் பையன்கள் பெயர் ஏறட்டும், அப்புறம் நோட்டை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள்.