படிச்ச பாடத்தைத் திருப்பிப் படிக்கோணுமாம்

வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கம்பஸுக்கு மாறக் கேட்டு அலையிறது மூண்டு மாசம். தெற்கில நான் படிக்கிற கம்பஸில கேட்டா, முதல்ல அங்க எடுக்கிறம் எண்டு கடிதம் கொண்டு வா, பேந்து உன்னை விடுறதைப் பற்றிக் கதைப்பம் எண்டு சொல்லீனம். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கம்பஸில கேட்டா, முதல்ல அவையள் விடுறம் எண்டு எழுதித் தரட்டும் தம்பி, பேந்து பாப்பம் எண்டு சொல்லீனம். இந்த ரெண்டு "முதல்ல"வுக்கும் நடுவில நான் நைட் பஸ்ஸில யாழ்ப்பாணத்திலயிருந்து கொழும்புக்கும் அங்கயிருந்து விடிய இன்னொரு பஸ்ஸில கம்பஸுக்கும் எண்டு அலைஞ்சுகொண்டிருக்கிறன், ஒரு தரம் ரெண்டு தரமில்ல, அஞ்சு தரம்.

ஆசைக்கு மாறக் கேக்கேல்ல. அப்பாவுக்குப் போன வருசம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் ஏலாமப் போச்சு. அவரைக் கட்டில்ல திருப்பிப் படுக்க வைக்கிறதுக்கு ரெண்டு பேர் வேணும், வீட்டில அம்மா ஒராள்தான். பெட்சீட்டை அவருக்குக் கீழால மடிச்சு விட்டுட்டு, மற்றப் பக்கம் போய் நிண்டு, முழங்காலைக் கட்டில் சட்டத்தில முண்டு குடுத்து இழுக்கிறா. அவவின்ர முழங்கால் கறுத்துத் தடிச்சுப் போய்க் கிடக்கு, நான் லீவில வந்த நேரம்தான் கண்டனான். ஃபோனில ஒருநாளும் சொல்லேல்ல. டொக்டரின்ர ரிப்போட், கிராம சேவையாளரின்ர கடிதம், பிரதேச செயலகத்து ஒப்பம், எல்லாம் கட்டாக் கட்டி வச்சிருக்கிறன். ஆரும் இதுவரைக்கும் அந்தக் கட்டை விரிச்சுப் பாக்கேல்ல.

புறவாசலால வரப் பாக்கிறான் எண்டு நினைக்கிறவைக்கும் சொல்லுறன். வெட்டுப்புள்ளி எனக்கும் தெரியும், கம்பஸ் இடங்களில 40 வீதம் தீவு மட்டத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கின மாவட்டத்துக்கு, இந்தக் கணக்கில ஒரு இடம் எடுக்கிறதுக்கு எங்கட பிள்ளையள் எத்தினை ரியூசன் ஏறி இறங்குதுகள் எண்டும் தெரியும். என்ர இசட் ஸ்கோர் (உயர்தரச் சோதினைப் புள்ளி) இங்க இதே கொம்பியூட்டர் சயன்ஸுக்கு வந்த யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளியை விடக் கூட. விருப்பத் தெரிவில நான்தான் தெற்கை முதலாவதாப் போட்டனான், அந்த நேரம் அப்பா நடமாடிக்கொண்டு இருந்தவர். ஆற்ற இடத்தையும் நான் பறிக்கேல்ல.

சரி, மாறினாலும் என்ன நடக்குமாம் தெரியுமோ? முதலாம் வருசத்தைத் திருப்பிச் செய்யோணுமாம்! இதுதான் எனக்கு விசர் வரப் பண்ணுது. ரெண்டும் அரசாங்கக் கம்பஸ், ரெண்டும் 1978ஆம் ஆண்டு பல்கலைக்கழகச் சட்டத்துக்குக் கீழதான், ஒரே யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு), ரெண்டு இடத்திலயும் இங்கிலிஷ் மீடியம். அதுக்கு மேல எஸ்எல்கியூஎஃப் எண்டு இலங்கை முழுக்க ஒரு தகைமைச் சட்டகத்தை 2012இலயே கொண்டு வந்திட்டினம், ஒரு கிரெடிட் எண்டா 50 மணித்தியாலப் படிப்பு, சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட், கிரெடிட்டை ஒரு இடத்திலயிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டு போறதும் அதின்ர நோக்கத்தில ஒண்டு எண்டு எழுதியே இருக்கு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடுறானில்ல.

என்ர மார்க்ஸ் சீட்டில டேட்டா ஸ்ட்ரக்சர் எண்ட பாடத்துக்கு நேர "2" எண்டு இருக்கு. இங்கத்தைய கம்பஸ் கந்தோரில இருந்தவர் அந்த ரெண்டைச் சுற்றிப் பென்சிலால ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில "3" எண்டு எழுதி, தாளை என்னட்டத் தள்ளி விட்டுட்டார். இங்க அது 3 கிரெடிட்டாம், அதால சரிவராதாம். சிலபஸை எடுத்துப் பாருங்கோ, அதே லிங்க்ட் லிஸ்ட், அதே ஸ்டாக், அதே கியூ, அதே பைனரி ட்ரீ, அங்க ஜாவாவில செய்தம் இங்க சி பிளஸ் பிளஸ்ஸில செய்யினம், ரெண்டு பிள்ளை உள்ள ஒரு நோடை மரத்திலயிருந்து எப்பிடி அழிக்கிறது எண்டது எந்த லாங்வேஜில எழுதினாலும் ஒண்டுதானே, அதை ஒருக்கா விளங்கி ஏ எடுத்த பெடியன் என்னத்துக்கு இன்னொருக்கா முதல்ல இருந்து படிக்கோணும்? குறையிறது ஒரு கிரெடிட், 50 மணித்தியாலம். அதுக்கு லாப் தாங்கோ, அசைன்மென்ட் தாங்கோ, ஒரு சோதினை வையுங்கோ, எழுதுறன். 50 மணித்தியாலத்துக்கு ஒரு முழு வருசத்தைக் கேக்கிறது என்ன நியாயம்?

நாங்கள் 2022 ஏஎல் (உயர்தரம்) பட்ச், சோதினை நடந்ததே 2023 ஜனவரியிலயும் பெப்ரவரியிலயும். ஏற்கனவே எங்கட வயசை எல்லாரும் சேர்ந்து தின்டாச்சு, இன்னும் ஒரு வருசம் குடுக்க என்னட்ட இல்ல.

ஒரு கம்பஸின்ர எஸ்ஏஆர் (சிரேஷ்ட உதவிப் பதிவாளர்) மற்ற எஸ்ஏஆருக்கு ஒரு ஈமெயில் போட்டா முடியிற வேலை இது. ஃபாக்கல்டி போர்ட், செனட் எண்டு போகத்தான் வேணும், போகட்டும், காத்திருக்கிறன், ஆனா ஃபைல் மேசையை விட்டு எழும்பினால்தானே போர்டுக்குப் போகும்.

இனி வாயால சொல்லுற பதில் எனக்கு வேண்டாம். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில ரெண்டு இடத்துக்கும் விண்ணப்பம் எழுதி வச்சிருக்கிறன், என்ர ஃபைல் இப்ப ஆற்ற மேசையில, எந்த விதிப்படி கிரெடிட்டை மறுக்கிறீங்கள், ரெண்டே ரெண்டு கேள்வி. தரினமோ இல்லையோ எண்டு 14 வேலை நாளுக்குள்ள சொல்லோணும். திங்கக்கிழமை ஒண்டை இங்க குடுத்துத் திகதி போட்ட துண்டு வாங்கிக்கொண்டு, அண்டைக்கு இரவே மற்றதோட பஸ் ஏறுறன்.