27, 27, 27: சென்னையின் எஃப்சி கோச்சைப் பற்றிப் பேசும் முன்

சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாள் நம்ம ரசிகர் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடுது: கோச்சை மாத்தணுமா, வேணாமா? பி ஸ்டாண்ட் புளூஸ் ஆனாலும் சூப்பர் மச்சான்ஸ் ஆனாலும் இதில் வித்தியாசம் இல்லை. கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பதில் தேடும் முன் மூன்று வருடக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) 2022-23இல் கோச் தாமஸ் பர்டாரிச் கீழ் 20 ஆட்டத்தில் 27 புள்ளி, எட்டாவது இடம். 2023-24இல் ஓவன் கோய்ல் கீழ் 22 ஆட்டத்தில் 27 புள்ளி, ஆறாவது இடம், முதல் ஆறு அணிகள் போகும் பிளேஆஃப் சுற்று. 2024-25இல் அதே கோய்ல், 24 ஆட்டத்தில் 27 புள்ளி, பதினோராவது இடம். ஆட்டங்கள் கூடிக்கொண்டே போயின, புள்ளி அங்கேயே நின்றது. ஆட்டத்துக்கு 1.35 என்று இருந்தது 1.23 ஆகி, பிறகு 1.13க்கு வந்துவிட்டது. 2024-25இல் ஆறாவது இடம் பிடித்த மும்பை சிட்டிக்கு 36 புள்ளி. நாம் 9 புள்ளி பின்னால். பிளேஆஃப் போன வருடத்தை முன்னேற்றம் என்றும் அடுத்ததை வீழ்ச்சி என்றும் நாம் கொண்டாடினோம், திட்டினோம். உண்மையில் அணி ஒரே சரிவில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் முன்னால் சாபா லாஸ்லோ 20 ஆட்டத்தில் 20 புள்ளி (அதில் 11 டிரா, 3 வெற்றி), அடுத்த பருவம் பாண்டோவிச்சில் தொடங்கி சபீர் பாஷாவில் முடிந்தது, அதிலும் 20 ஆட்டத்தில் 20 புள்ளி. இரண்டு முறையும் எட்டாவது இடம்.

ஐந்து பருவங்களில் நான்கு வெளிநாட்டுக் கோச்சுகள், இடையில் ஒரு தற்காலிகப் பொறுப்பு. ஆளுக்கு ஒரு பாணி, ஆளுக்கு ஒரு பாடம். விளைவு மட்டும் ஏறக்குறைய ஒன்று. அப்படியானால் கோளாறு பெஞ்சில் உட்காருபவரிடம் மட்டும் இருக்க வாய்ப்பில்லை.

கோச்சால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. 2019-20ஐ மறக்க முடியுமா? ஜான் கிரெகரி விலகும்போது 6 ஆட்டத்தில் 5 புள்ளி. கோய்ல் வந்து மீதி 12 ஆட்டத்தில் 24 புள்ளி எடுத்தார். அணி அதேதான்: வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்டே, தாப்பா. அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டம் சேர்த்து 6-5 என்று தாண்டி, காலி மைதானத்தில் நடந்த இறுதியில் கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 1-3 தோற்றோம். நல்ல கோச் நடுப் பருவத்தில் வந்தும் அணியைத் தூக்கி நிறுத்த முடியும், சரிதான்.

ஆனால் அதே ஜான் கிரெகரிதான் 2018 மார்ச்சில் பெங்களூரில் பெங்களூரு எஃப்சியையே 3-2 என்று வென்று கோப்பையை எடுத்துத் தந்தவர். அடுத்த பருவம் அதே கிரெகரி, 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். நடுக்கள வீரர் தனபால் கணேஷ் காயத்தில் போனார், தடுப்பு வீரர் செரேனோவின் இடம் சரியாக நிரம்பவில்லை, ஸ்ட்ரைக்கர் ஜெஜேயின் கோல் வறண்டது. மூன்று கண்ணி அறுந்ததும் சாம்பியன் அணி கடைசிக்குப் போனது. கோய்லும் அப்படித்தான். ஜாம்ஷெட்பூரில் 2021-22 லீக் ஷீல்டை (லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணிக்கான பட்டம்) 43 புள்ளியோடு வென்றவர், நம்மிடம் திரும்பி வந்து இரண்டு முறையும் 27. ஆளின் தரம் மாறவில்லை. அவர் கையில் கிடைத்த அணி மாறியிருந்தது.

அந்த 2020 இறுதி ஆட்ட அணி என்ன ஆனது? வால்ஸ்கிஸ் 15 கோலடித்து தங்கக் காலணி வாங்கிய கையோடு கோய்லுடன் ஜாம்ஷெட்பூர் போனார். சாங்டே மும்பை சிட்டிக்குப் போய், ஷீல்டும் கோப்பையும் வென்று, இந்தியாவின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். விஷால் கெய்த் கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போய், சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை வாங்கினார். ஜெர்ரி ஈஸ்ட் பெங்கால் போனார். 2016இல் பதினெட்டு வயதுப் பையனாக வந்து நம்மிடமே கேப்டன் வரை வளர்ந்த அனிருத் தாப்பா 2023இல் மோகன் பகான் போனார். 2023-24, 2024-25 இரண்டு ஷீல்டுகளிலும் தாப்பா, கெய்த் இருவர் பெயரும் உண்டு. திறமையைக் கண்டுபிடிக்கும் கண் நம் கிளப்புக்கு இருந்திருக்கிறது. அதைப் பிடித்து வைக்கும் கை இல்லை.

இதன் பின்னால் ஒரு சாதாரண விதி இருக்கிறது. ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் ஒரு வீரர் வேறு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்துப் போடலாம், ஃபிஃபா விதி அது. மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது என்றால் டிசம்பரிலேயே அவர் பாதி வெளியே போய்விட்டார் என்று அர்த்தம். பருவம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம் என்று இருக்கும் கிளப், இந்திய வீரர்களை ஒவ்வொருவராக இழக்கும். புதுப்பிப்பதாக இருந்தால் 18 மாதம் மிச்சம் இருக்கும்போதே பேச வேண்டும். அவர் மறுத்தால் விற்பதற்காவது ஒரு சந்தை மிச்சம் இருக்கும்.

கோச் நியமனமும் இந்தக் காலண்டரில்தான் சிக்குகிறது. நல்ல இந்திய வீரர்களின் பேரம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடிந்துவிடுகிறது. நாம் பெரும்பாலும் ஜூன், ஜூலையில்தான் கோச்சை அறிவிக்கிறோம். அப்போது வருபவர் மிச்சம் மீதியில்தான் அணி கட்டுகிறார். இந்திய வீரர்களில் இடது பேக்கும் (இடது ஓரத் தடுப்பு வீரர்) தற்காப்பு நடுக்களமும்தான் முதலில் தீர்ந்துபோகும் இடங்கள். கடந்த சில வருடங்களில் நமக்கு ஓட்டை விழுந்தது எங்கே என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது வெளிநாட்டு வீரர்கள். இதைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம், கோச்சை விட இதுதான் பெரிய விஷயம் என்பது என் கருத்து. 2017-18இல் ஐந்து வெளிநாட்டு வீரர்கள் களத்தில் ஆடலாம். 2021-22இலிருந்து நான்குதான், பதிவு செய்யலாம் ஆறு பேரை. அந்தச் சாம்பியன் அணியின் ஐந்து பேர் எங்கே ஆடினார்கள்? வலது பேக்கில் கால்டெரோன், நடுத் தடுப்பில் மைல்சனும் செரேனோவும், நடுக்களத்தில் அகஸ்டோ, ஓரத்தில் நெல்சன். முன்னால் ஜெஜே, 9 கோல். இந்தியர் ஒருவர் கோலடித்ததால்தான் மூன்று வெளிநாட்டினரைப் பின்களத்தில் நிறுத்த முடிந்தது. இறுதி ஆட்டத்தின் மூன்று கோலில் இரண்டு, கார்னரிலிருந்து மைல்சன் தலையால் அடித்தது. தடுப்பு வீரர் கோப்பை வென்று தந்தார்.

இப்போது நான்கு இடம்தான். வழக்கமாக ஒரு ஸ்ட்ரைக்கர், ஒரு விங்கர், ஒரு நடுக்களம், ஒரு நடுத் தடுப்பு என்று பங்கு போடுகிறோம். அதாவது தடுப்பில் ஒரே ஒரு வெளிநாட்டவர். அவருக்குக் காயமோ தடையோ வந்தால் அந்த இடத்துக்கு இன்னொரு வெளிநாட்டுத் தடுப்பு வீரர் பெஞ்சில் வேண்டும். பெஞ்சில் இருப்பதோ இரண்டு பேர். அதில் ஒருவர் இரண்டாவது ஸ்ட்ரைக்கர் என்றால் மீதி ஒரே ஒருவர், நடுக்களத்துக்கும் தடுப்புக்கும் சேர்த்து. நான்கு பேரும் களத்தில் இருந்தால், ஐந்தாமவரை இறக்க நால்வரில் ஒருவரை வெளியே எடுத்தாக வேண்டும். 70வது நிமிடம் ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது கோச் தடுப்பு வீரரை எடுத்துவிட்டு ஸ்ட்ரைக்கரை இறக்குவதும், 85வது நிமிடம் எதிர்த் தாக்குதலில் இன்னொரு கோல் வாங்குவதும் நாம் பார்த்துப் பழகியதுதான். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று திட்டுகிறோம். ஆறு பேரைத் தேர்ந்தெடுத்த அன்றே அந்த நெருக்கடி உருவாகிவிட்டது.

இதற்கு வழி இந்திய ஸ்ட்ரைக்கர்தான். 2023இல் வந்த இர்ஃபான் யாத்வாத் நடுவில் ஆடக்கூடியவர், அவரை ஓரத்திலும் ஆட வைத்தோம். தேசிய அணி வரை போய்விட்டார். அப்படி ஒருவருக்கு ஒரு பருவம் முழுக்க நடுவில் 1,500 நிமிடம் தருவேன் என்று கிளப் முடிவு எடுத்தால், ஒரு வெளிநாட்டு இடம் பின்களத்துக்குப் போகும். அந்த முடிவை கோச் தனியாக எடுக்க முடியாது. எட்டு மாதத்தில் தன் வேலை போகலாம் என்று தெரிந்த எந்தக் கோச்சும் இளைஞனை நம்பி ஸ்ட்ரைக்கர் இடத்தைக் கொடுக்க மாட்டார். அவருக்கு மேலே, அவரை விட நீண்ட ஒப்பந்தத்தோடு, கால்பந்து தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது.

பிரஸ்ஸிங், அதாவது எதிரணியை மேலே ஏறி நெருக்கிப் பந்தைப் பறிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கோய்ல் அணி மேலே ஏறி அழுத்தும்போது பார்க்க அழகாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் செப்டம்பர், அக்டோபரில் நம் மைதானம் இருக்கும் பெரியமேட்டுப் புழுக்கத்தில் 90 நிமிடமும் அப்படி ஓட முடியாது. அரை மணி நேரம் கழித்து முன்வரிசை ஓய்கிறது, ஓரத்துப் பேக்குகள் இன்னும் மேலேயே நிற்கிறார்கள், நடுக்கள இருவரில் ஒருவர் பந்தைத் துரத்திப் போகிறார், இரண்டு நடுத் தடுப்பு வீரர்கள் 40 மீட்டர் திறந்த வெளியோடு தனியாக நிற்கிறார்கள். கோவா, மோகன் பகான் மாதிரி அணிகளுக்கு அந்த இடைவெளி போதும். எப்போது அழுத்துவது, எப்போது பத்து நிமிடம் பந்தை வைத்துக்கொண்டு மூச்சு விடுவது என்பது வருடக்கணக்கில் ஊற வேண்டிய பழக்கம். ஒவ்வொரு வெளிநாட்டுக் கோச்சும் தன் உதவியாளர், உடற்பயிற்சி ஆள் என்று ஒரு குழுவோடு வருகிறார், போகும்போது அத்தனை பேரும் போகிறார்கள். எந்த வீரருக்கு எப்போது தொடை இழுக்கும், யார் எவ்வளவு தூரம் தாங்குவார் என்ற அறிவும் அவர்களோடு விமானம் ஏறிவிடுகிறது. உடற்பயிற்சிப் பொறுப்பாளர், கோல்கீப்பர் கோச், ஆட்டப் பகுப்பாய்வாளர் மூவரும் கிளப்பின் ஆட்களாக நிரந்தரமாக இருக்க வேண்டும். தலைமைக் கோச் அவர்களை மாற்ற முடியாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

இனி கிளிஃபோர்ட் மிராண்டா. 2025 நடுவில் நம் கோச்சாக அவர் பெயர் வந்ததும் 'செலவு குறைக்க இந்தியக் கோச்' என்று சிலர் எழுதினார்கள். அநியாயமான பேச்சு. 2020 அரையிறுதியில் நம் எதிர்ப் பெஞ்சில் கோவாவுக்குத் தற்காலிகக் கோச்சாக நின்றவர் அவர்தான். அந்தப் பருவத்தின் லீக் ஷீல்டை கோவா அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் உறுதி செய்தது. 2023இல் ஒடிஷாவின் தற்காலிகக் கோச்சாக சூப்பர் கோப்பையை வென்றார், இறுதியில் பெங்களூருவை 2-1 என்று வீழ்த்தி. ஐசால் அணியோடு, நாட்டின் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை வென்ற காலித் ஜமில் 2025இல் தேசிய அணியின் கோச் ஆனார். இந்தியக் கோச்சுகளுக்கு அறிவு இல்லை என்ற வாதம் காலாவதியாகிவிட்டது. அவர்களுக்குக் கிடைக்காதது நேரம்தான். பெரும்பாலும் தீப்பிடித்த வீட்டை அணைக்க மட்டும் கூப்பிடுவார்கள்.

அதிலும் மிராண்டாவுக்கு வாய்த்த காலத்தைப் பாருங்கள். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக் நடத்துவோருக்கும் 2010இல் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது என்ற காரணத்தால் ஜூலையிலேயே லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. நம் கிளப் உட்படப் பல கிளப்புகள் வேலைகளை நிறுத்தின. டெண்டர் விட்டபோது ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் 2026 பிப்ரவரி 14 தொடக்கம், 14 அணிகள், ஆளுக்கு 13 ஆட்டம் என்று முடிவானது. முறையான முன்பயிற்சி இல்லை, முழு அணி இல்லை, சொந்த ஊர், வெளியூர் என்று இரண்டு சுற்றும் இல்லை. இந்த 13 ஆட்டத்தின் அட்டவணையை வைத்து யாரையும் அனுப்பக் கூடாது. அவரை அளக்க வேறு அளவுகோல்கள் இருக்கின்றன: கார்னர், ஃப்ரீகிக்கில் எத்தனை கோல் வாங்குகிறோம், எத்தனை அடிக்கிறோம், பந்தை இழந்த பத்து நொடிக்குள் எதிரணிக்கு எத்தனை ஷாட் கிடைக்கிறது, 23 வயதுக்குக் கீழான வீரர்களுக்கு மொத்தம் எத்தனை நிமிடம். மூன்றும் வீட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் எந்த ரசிகரும் எண்ணிக்கொள்ளக் கூடியவை. முதல் இரண்டில் எதிரணிக் கணக்கு குறைந்து, மூன்றாவது கூடினால், பத்தாவது இடத்தில் முடித்தாலும் அவரோடு தொடரலாம். இரண்டு முழுப் பருவத்துக்குக் குறைந்து எந்தத் தீர்ப்பும் சரியாக இருக்காது.

கடைசியாக, எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம். 2018-19இல் சென்னை சிட்டி எஃப்சி கோயம்புத்தூரில் ஆடி ஐ-லீக் பட்டம் வென்றது. அக்பர் நவாஸ் கோச், ஸ்ட்ரைக்கர் பெட்ரோ மான்சி 21 கோல், கூடவே நம்ம ஊர்ப் பையன்கள். அதே வருடம் நாம் ஐஎஸ்எல் கடைசி. சென்னை சிட்டி இன்று இல்லை. அங்கே ஆடிய எட்வின் நம்மிடம் வந்தார். நந்தகுமார் சென்னைப் பையன். ஒடிஷா போய், மிராண்டாவோடு சூப்பர் கோப்பை வென்று, ஈஸ்ட் பெங்கால் போய், 2023 டூரண்ட் கோப்பையின் கொல்கத்தா டெர்பியில் (ஒரே ஊர் அணிகளின் மோதல்) மோகன் பகானுக்கு எதிராக அந்த ஒரே கோலை அடித்தார். குமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூரிலும் கொல்கத்தாவிலும் பெயர் வாங்கினார். சிவசக்தியை பெங்களூரு வளர்த்தது. வியாசர்பாடி தந்த தனபால் கணேஷ் நம் சாம்பியன் அணியின் நடுக்களத்தில் நின்றார், அதன் பிறகு அந்த வரிசையில் அடுத்தவர் யார்?

ரிசர்வ் அணி இருக்கிறது, 21 வயதுக்குட்பட்டோர் லீக்கில் ஆடியிருக்கிறது. ஆனால் அங்கிருந்து முதல் அணிக்குப் போகும் பாதை கோச்சுக்குக் கோச் மாறுகிறது. ஒவ்வொரு முன்பயிற்சியிலும் ரிசர்விலிருந்து நான்கு பேர் முதல் அணியோடு கட்டாயம், பருவத்துக்குக் குறைந்தது இருவருக்கு 300 நிமிடம், குமரியின் தூத்தூர் பக்கமும் வியாசர்பாடியிலும் முழுநேரத் தேர்வாளர் ஒருவர். இதற்கு ஆகும் செலவு ஒரு சராசரி வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரின் சம்பளத்தைத் தாண்டாது என்றே நினைக்கிறேன். அடுத்த ரசிகர் சந்திப்பில் நிர்வாகத்திடம் கோச் பெயரைக் கேட்பதற்கு முன்னால், ஒப்பந்தத்தில் 18 மாதத்துக்கும் குறைவாக மிச்சமிருக்கும் இந்திய வீரர்கள் யார் யார், அவர்களில் எத்தனை பேரோடு பேசத் தொடங்கிவிட்டீர்கள் என்று கேளுங்கள், மச்சான்ஸ்.